வாயை மூடச் சொல்லாமலே வகுப்பை அமைதியாக்கியவர்: அடையாறு வரை வந்த மரியா மாண்டிசோரியின் கதை

மழலையர் பள்ளி வாசல்களில் 'மாண்டிசோரி' என்ற போர்டைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஏதோ கம்பெனி பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. அது ஒரு இத்தாலிய டாக்டரம்மாவின் பெயர். அந்தப் பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது, தனி உரிமை கோர முடியாது என்று அமெரிக்காவில் 1967-லேயே முடிவாகிவிட்டது. ஆகவே போர்டை மட்டும் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த அம்மா உண்மையில் என்ன செய்தார்?

யார் இந்த மாண்டிசோரி?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்தபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார். கையில் பிடிக்க, உருட்ட, அடுக்க ஒரு பொருள்கூட இல்லாமல் அவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் முதலில் தேவை என்ற முடிவுக்கு வந்தார். அங்கிருந்துதான் டாக்டர், டீச்சர் ஆனார்.

சுவரைக் கிறுக்கிய பிள்ளைகள்

1907 ஜனவரி 6. ரோமின் சான் லோரென்சோ பகுதி. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர், பூட்டின வீடு, மாடிப்படியில் திரியும் பிள்ளைகள். அவர்கள் புதுக் கட்டடத்தின் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்பதுதான் கட்டட நிர்வாகத்தின் கவலை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையை ஒதுக்கி, மாண்டிசோரியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இப்படித்தான் 'குழந்தைகள் இல்லம்' பிறந்தது. பெரிய கல்விப் புரட்சித் திட்டமெல்லாம் இல்லை. சுவரைக் காப்பாற்றத்தான்!

அங்கே சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளைத் துளைகளில் பொருத்தும் விளையாட்டில் மூழ்கியிருந்தாள். மாண்டிசோரி மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு மறுபடி ஆரம்பித்துவிட்டாள். 40 தடவைக்கு மேல் செய்து முடித்ததும், நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல முகம் மலர்ந்து எழுந்தாள். பிடித்த வேலை கிடைத்தால் இத்தனை சின்னக் குழந்தைக்கும் கவனம் சிதறாது என்று அன்று தெரிந்தது.

மௌன விளையாட்டு

இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று செயலியில் காசு கட்டிக் கற்கிறோமே, அதற்கு நெருக்கமான ஒன்றை அவர் விளையாட்டாகவே நடத்தினார். ஒரு நாள், முற்றத்தில் நின்ற தாயிடமிருந்து நாலு மாதக் கைக்குழந்தையை வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தார். இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை, உங்களால் இப்படி இருக்க முடியுமா என்று கேட்டார். அவ்வளவுதான். பிள்ளைகள் காலை அசைக்காமல், மூச்சை மெல்ல விட்டு முயன்றார்கள். அதுவரை காதில் விழாத சின்னச் சின்ன ஓசைகள் கேட்க ஆரம்பித்தன.

பிறகு இது வழக்கமான விளையாட்டானது. அறையை இருட்டாக்கி, பக்கத்து அறையிலிருந்து ஒவ்வொரு பெயராக மிக மெல்ல அழைப்பார். பெயர் கேட்ட குழந்தை நாற்காலி இடிக்காமல், அடி சத்தம் வராமல் எழுந்து போக வேண்டும். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். பரிசாக மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள்! மௌனமே அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. நம் வகுப்புகளில் அமைதி என்பது பெரும்பாலும் பிரம்பு பார்த்து வரும் அமைதி. இது வேறு ரகம்.

விரலால் படித்த எழுத்து

எழுதப் படிக்கச் சொல்லித் தரும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. தாய்மார்கள்தான் விடாமல் கேட்டார்கள். மர எழுத்து செய்வது செலவு பிடிக்கும் வேலை. எனவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அதை விரலால் தடவும், கூடவே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லும். விரல், கண், காது மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

அடுத்து, வெட்டிய எழுத்துகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். உயிரெழுத்து ஒரு நிறம், மெய்யெழுத்து வேறு நிறம். காதில் விழும் சொல்லைப் பிரித்து எழுத்துகளை வரிசையாக அடுக்க வேண்டும். பென்சிலே தேவையில்லை.

டிசம்பரில் வெயில் அடித்த ஒரு நாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையனிடம் சாக்பீஸ் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் திடீரென்று தான் எழுதப்போவதாகக் கத்தினான். கை, புகைபோக்கி, கூரை என்று இத்தாலிய மொழியில் தரையில் எழுதினான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு சாக்பீஸ் கேட்டு ஓடிவந்தார்கள்.

தன் பிள்ளை எங்கே?

ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தவரின் சொந்த மகன் மரியோ அந்த வகுப்பில் இல்லை. 1898-ல், உடன் பணியாற்றிய மருத்துவருக்கும் அவருக்கும் திருமணம் ஆகாமல் பிறந்தவர் மரியோ. விஷயம் வெளியே தெரிந்தால் மரியாவின் டாக்டர் வாழ்க்கையே முடிந்திருக்கும். குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. 1913 வாக்கில், மரியோவுக்கு ஏறக்குறைய 15 வயதானபோதுதான் மகனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் வெளியில் உறவுக்காரப் பையன் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

முசோலினி ஆட்சி முதலில் அவரை ஆதரித்தது, அவரும் அதை ஏற்றார். அவர் வாழ்க்கையில் இது எளிதாகக் கடந்துபோகக்கூடிய பக்கம் அல்ல. ஆனால் சொன்னபடி கேட்கும் சிப்பாய்ப் பிள்ளைகளைத்தான் ஆட்சி விரும்பியது. 1934-ல் உறவு முறிந்தது, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன, அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அடையாறும் கொடைக்கானலும்

1939-ல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் மெட்ராஸ் வந்தார். வயது 69. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் 300-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தார்கள், அம்மா அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஆகஸ்டில் அவரது 70-வது பிறந்தநாளுக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது. நாற்பது வருஷமாக வெளியில் சொல்ல முடியாதிருந்த உறவை, ஓர் அரசுத் தந்தி எழுத்தில் சொல்லிவிட்டது.

1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே செடி, பூச்சி, குளம், கல் என்று மலையே வகுப்பறை ஆனது. அவருடைய முக்கிய நூல்களில் ஒன்று 1949-ல் அடையாறிலிருந்துதான் வெளியானது.

நோபல் அமைதிப் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1952 மே 6-ல், நெதர்லாந்தின் நோர்த்வைக் கடற்கரை ஊரில் 81 வயதில் காலமானார். அன்றுகூட, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஆப்பிரிக்கா போவதைப் பற்றி மரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்த உடம்போடு வேண்டாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தார்.