சட்டம் கேட்காமலே கொடுத்தவர்: கருமுத்து தியாகராசர்

ஆரப்பாளையத்துல இருந்து சமயநல்லூர் பஸ் ஏறியிருக்கீங்களா? பாத்திமா காலேஜ், விளாங்குடி தாண்டினா பரவை. பரவைன்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது முனியம்மா பாட்டியாத்தான் இருக்கும். தப்பில்லை, ஊர் பேரை உலகத்துக்கே சொன்னவங்க அவங்க. ஆனா அதே ஊர்ல திண்டுக்கல் ரோட்டோரமா ஒரு நூற்பாலை இருக்கு. ஊர்க்காரங்க இன்னைக்கும் அதை மீனாட்சி மில்லுன்னுதான் சொல்றாங்க. அந்தப் பெயருக்குப் பின்னாடி இருக்கிற மனிதரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போ அவரைப் பத்தி? பிளேஸ்மென்ட் சீசன் வந்தா ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பிரசன்டேஷன் போடும். அதுல கடைசிக்கு முந்தின ஸ்லைடு என்னன்னு உங்களுக்கே தெரியும். மரம் நடுற போட்டோ, ஸ்கூல் பசங்களுக்கு நோட்டு கொடுக்கிற போட்டோ, மேலே பெருசா சிஎஸ்ஆர். தமிழில் பெருநிறுவன சமூகப் பொறுப்பு. நாமும் கைதட்டிட்டு, அடுத்த ஸ்லைடுல சம்பளம் வருமான்னு பார்ப்போம். அந்த ஸ்லைடைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும்னா, கருமுத்து தியாகராசரின் வாழ்க்கை நல்ல பாடம். அதுல பெருமையும் இருக்கு, சங்கடமான பக்கமும் இருக்கு. ரெண்டையும் சொல்றேன்.

தெக்கூரிலிருந்து கொழும்புக்கு

1893 ஜூன் 16 அன்று, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் உள்ள ஆ. தெக்கூரில் ஒரு நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார் தியாகராசர். நகரத்தார் என்றால் வட்டித் தொழிலும், பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்த வியாபாரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அதன் பெயர் மகமை. வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, கோயிலுக்கு, சத்திரத்துக்கு, பாடசாலைக்கு என்று வைத்துவிடுவார்கள். லாபம் வந்தபிறகு மனசிருந்தால் கொடுப்பது என்பதல்ல. கணக்கு எழுதும்போதே தர்மத்துக்கும் ஒரு பற்று வரவு உண்டு. தமிழ்நாட்டில் நகரத்தார் மட்டுமல்ல, நாடார் வணிகர்களும் மகமைப் பணத்தில் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். சிஎஸ்ஆர் என்ற சொல் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே நம்ம ஊரில் இருந்த பழக்கம் இது. தியாகராசர் வளர்ந்தது இந்தச் சூழலில்.

படிப்புக்காக அவர் போனது கொழும்பு. அங்கே அவர் கண்ணில் பட்டது வியாபாரம் மட்டுமல்ல. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் அப்போது துண்டு முறையில் கட்டுண்டு கிடந்தார்கள். துண்டு என்பது ஒரு சீட்டு. தொழிலாளி எவ்வளவு கடன் பட்டிருக்கிறார், அதை அடைத்தால் அவரை அனுப்பத் தயார் என்று தோட்டத்துக்காரர் எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. வேறு தோட்டக்காரர் கடனைக் கட்டி ஆளை எடுத்தால், கடனும் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் இந்த முறையை ஒழித்தது. இளைஞராக இருந்த தியாகராசர் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று, அவர்களுடைய உரிமைக்காக வேலை செய்தவர்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு முதலாளியாகப் போறவர், தன் பொதுவாழ்வை ஆரம்பிச்சது தொழிலாளி பக்கத்துல.

நூல் ஓடிய மதுரை

மதுரைக்குப் பெரிய ஆலை வந்தது 1892இல். ஹார்வி சகோதரர்களின் மதுரா மில். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அந்த ஆலையின் சங்கு ஊதினால் பாதி மதுரை எழுந்துவிடும் என்பார்கள் பெரியவர்கள். பஞ்சு நம்ம கரிசலில் விளைந்தது. வேலை செய்தவர்கள் நம்ம ஆட்கள். லாபம் மட்டும் கப்பல் ஏறியது. அந்த இடத்தில்தான் தியாகராசரும் ஆலைத் தொழிலில் இறங்கினார். தன் ஆலைக்கு அவர் வைத்த பெயர் மதுரைக்காரர் வாயில் தினமும் வரும் பெயர்: மீனாட்சி. மதுரையில் தொடங்கியது பரவைக்கும் வந்தது. 1936இல் கப்பலூரில் தியாகராசர் மில்ஸ். சேலம், கோவை என்று வேறு ஊர்களிலும் ஆலைகள். 1943இல் பேங்க் ஆஃப் மதுரா. வெளியூர் வங்கி வாசலில் காத்துக் கிடந்த தென்மாவட்டத்துச் சிறு வியாபாரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வங்கி கிடைத்தது.

நூற்பாலை உள்ளே நீங்க போயிருக்கீங்களான்னு தெரியல. காத்து காய்ஞ்சா நூல் அறும். அதனால உள்ளே எப்பவும் ஈரப்பதம் ஏத்தி வெச்சிருப்பாங்க. வெக்கை, ஈரம், காதை அடைக்கிற சத்தம், மூக்குல ஏறுற பஞ்சு. அறுந்த இழையைப் பிடிச்சு ஒட்டிக்கிட்டே ஷிப்ட் முழுக்க நடக்கணும். தியாகராசர் கட்டின கல்லூரிகளைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லணும். ஏன்னா அந்தக் கல்லூரிகளின் முதல் செங்கல், இந்த ஷிப்டுகளில் ஓடின நூல்.

தெப்பக்குளமும் திருப்பரங்குன்றமும்

சுதந்திரம் வந்த காலத்தில் மதுரையில் அமெரிக்கன் கல்லூரி இருந்தது, மதுரைக் கல்லூரி இருந்தது, 1948இல் லேடி டோக் வந்தது. ஆனால் சுற்றியிருந்த கிராமங்களின் அளவுக்கு அது போதவில்லை. 1949இல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் அருகே தியாகராசர் கலைக் கல்லூரியைத் தொடங்கினார்.

பொறியியல் படிக்கணும்னா நிலைமை இன்னும் மோசம். மதுரைப் பையன் கிண்டிக்குப் போகணும், இல்லைன்னா கோயம்புத்தூருக்கோ அண்ணாமலை நகருக்கோ போகணும். பக்கத்துல இருந்தது 1952இல் அழகப்ப செட்டியார் காரைக்குடியில் தொடங்கின கல்லூரிதான். ஹாஸ்டல் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் என்பது கனவிலும் வராது. 1957இல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி எழுந்தது. பின்னால் அது அரசு உதவி பெறும் கல்லூரியாக வளர்ந்தது. இதையும் கவனிங்க: தனியார் ஒருத்தர் போட்ட அஸ்திவாரத்து மேல அரசுப் பணமும், அதாவது நம்ம அப்பா அம்மா கட்டின வரியும் சேர்ந்துதான் குறைந்த கட்டணத்தில் தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்களை உருவாக்கியிருக்கு. கொடைக்கு அரசு துணை, அரசுக்குக் கொடை துணை.

ஆலை முதலாளி ஒருவர் தொழிற்கல்விக்குப் பணம் போடுவதில் ஆச்சரியம் இல்லை. தன் ஆலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிடலாம். தமிழ் இலக்கியத்துக்குப் போட்ட பணத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஔவை துரைசாமிப் பிள்ளை, அ.கி. பரந்தாமனார், சி. இலக்குவனார் போன்ற அறிஞர்கள் தியாகராசர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள். அங்கே படித்து வந்தவர்கள்தான் கவிஞர்கள் அப்துல் ரகுமானும் நா. காமராசனும். தமிழ்நாடு என்ற பெயரில் ஒரு நாளிதழையும் மதுரையிலிருந்து நடத்தினார். ஆலைக்கு ஒரு பைசா லாபம் தராத வேலை இது. கலைத்தந்தை என்று ஊர் அவரை அழைப்பது இதனால்தான்.

இன்னொரு கணக்குப் புத்தகம்

இதோடு முடித்தால் இது ஆண்டு விழா மலரில் வரும் வாழ்த்துக் கட்டுரையாகிவிடும். அதனால் சங்கடமான பக்கத்துக்கு வருவோம்.

உங்கள் நண்பர்கள் யாராவது சட்டமோ, சிஏ-வோ, கம்பெனி செகரட்டரி கோர்ஸோ படித்தால் மீனாட்சி மில் என்று சொல்லிப் பாருங்கள். கல்லூரியைச் சொல்ல மாட்டார்கள். கேஸைச் சொல்வார்கள். வருமான வரித்துறைக்கும் ஸ்ரீ மீனாட்சி மில்லுக்கும் நடந்த வழக்குகள் இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன.

1956இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு முதலாவது. ஆலைக்கும் சந்தைக்கும் நடுவில் நின்ற இடைத்தரகர்கள் பெயரில் போன லாபம் உண்மையில் ஆலையின் லாபம்தான் என்று வரித் தீர்ப்பாயம் முடிவு செய்திருந்தது. அந்த முடிவில் தலையிட முடியாது என்று சொல்லி, ஆலையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது வழக்கு இன்னும் பிரபலம். 1940களில் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அங்கே சம்பாதித்த வட்டியை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால்தான் வரி. ஆலைகள் பேங்க் ஆஃப் மதுராவின் புதுக்கோட்டைக் கிளையில் பணம் போட்டன. அந்த டெபாசிட்டைக் காட்டி மதுரையில் அதே வங்கியில் கடன் வாங்கின. பணம் அங்கேயே இருக்கிறது, நாங்கள் வாங்கியது கடன்தான் என்பது ஆலைகளின் வாதம். வங்கியை நிறுவியவரும் தியாகராசர், ஆலைகளும் அவருடையவை. இது எல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு, பணம் உள்ளே வந்துவிட்டது என்று கருதவேண்டும் என 1960களில் உச்ச நீதிமன்றம் வரித்துறை பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் என்ற திரையை விலக்கி உள்ளே இருப்பவர் யார் என்று பார்ப்பதற்கு இந்த வழக்கைத்தான் இன்றும் மாணவர்களுக்கு உதாரணம் காட்டுகிறார்கள்.

தொழிலாளர் விஷயமும் மதுரையில் அமைதியாக இருந்ததில்லை. 1930களின் கடைசியில் நகரத்து ஆலைகள் பலமுறை வேலைநிறுத்தத்தைப் பார்த்தன. மில் தொழிலாளர்களுக்காக நின்று முத்துராமலிங்கத் தேவர் சிறைக்குப் போன காலம் அது.

அப்போ இவர் நல்லவரா, கெட்டவரா? நாயகன் படத்துக் கேள்வி மாதிரி இருக்கு இல்ல? இந்தக் கேள்வி மதுரைக்கு மட்டும் உரியதல்ல. ஹார்வி மில் வந்த அதே 1892இல், அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகியின் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும் நிறுவனம் கூலிக்கு அமர்த்திய காவலாட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்து உயிர்கள் போயின. அதே கார்னகிதான் உலகம் முழுக்க 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். நூலகம் பொய்யா? இல்லை. ஹோம்ஸ்டெட் பொய்யா? அதுவும் இல்லை. கொடுத்த கணக்கு ஒரு புத்தகம், சம்பாதித்த கணக்கு இன்னொரு புத்தகம். ஒன்றில் வரவு வைத்ததால் மற்றதில் பற்று அழியாது. அதேபோல, பற்று இருக்கிறது என்பதற்காக வரவை அடித்துவிடவும் முடியாது.

இன்றைய 2 சதவீதம்

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு இதில் சேராது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது பரவையில் ஆலை இருந்தால், பரவைக்குத்தான் முதலில்.

தியாகராசருக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. மார்ச் 31க்குள் செலவு காட்டணும் என்ற அவசரமும் இல்லை. அவர் செய்ததற்கும் நாம் ஸ்லைடில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். அவர் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தவில்லை. தான் இல்லாமலும் ஓடக்கூடிய நிறுவனங்களை விட்டுப் போனார். நோட்டுப் புத்தகம் அடுத்த ஜூனில் தீர்ந்துவிடும். கல்லூரி தீராது.

1974 ஜூலை 29 அன்று தியாகராசர் மறைந்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. அந்தப் பெயர்ப்பலகையே இப்போது இல்லை. பரவை மீனாட்சி மில் ஜிஎச்சிஎல் நிறுவனத்தின் கைக்குப் போனது. லாபம் தருவதற்காகத் தொடங்கியவற்றில் ஒன்று பெயர் மாறியது, ஒன்று கை மாறியது. லாபம் வேண்டாம் என்று தொடங்கியவை தெப்பக்குளத்திலும் திருப்பரங்குன்றத்திலும் அதே பெயரோடு நிற்கின்றன. இந்த வருஷமும் அங்கே முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருத்தர் அட்மிஷன் போட்டிருப்பார்.

நாமும் கொஞ்ச நாளில் ஏதோ ஒரு கம்பெனியில் உட்காரப் போறோம். சிலர் கம்பெனியே ஆரம்பிக்கப் போறீங்க. அடுத்த தடவை அந்த ஸ்லைடு வந்தா, கேள்வி நேரத்துல எழுந்து மூணு விஷயம் கேளுங்க. இந்தப் பணம் உங்க ஆலை இருக்கிற ஊருக்கு வருதா? நீங்க நாளைக்கு இந்த ஊரை விட்டுப் போனாலும் இது நிக்குமா? உங்க ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன சம்பளம்? முதல் ரெண்டு கேள்விக்கும் தியாகராசரின் வாழ்க்கையில நல்ல பதில் இருக்கு. மூணாவது, இளைஞரா இருந்தப்போ கொழும்புல அவரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

வேலை கிடைக்காம போயிடுமோன்னு பயமா இருக்கா? மூணாவதை ஆஃபர் லெட்டர் வாங்கினதுக்கு அப்புறம் கேளுங்க. ஆனா கேளுங்க.