பல்வங்கர் பாலு

பல்வங்கர் பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தார். புனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மைதானத்தைச் செப்பனிடும் வேலை செய்தார். அங்கேயே இடது கையால் சுழற்பந்து வீசிச் சிறந்தார். புனா இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் வேளையில், அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், அவர் தொட்ட கோப்பையைத் தொடவில்லை!

1906-இல் பம்பாயில் அவர் ஆடிய இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்றது. ரசிகர்கள் மகிழ்ந்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் அணித்தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டல் அப்பதவியைப் பெற்றார். பாலு 1955-இல் காலமானார்.

தோழியரே, வெற்றிக்குக் கைதட்டுவது எளிது. வென்றவரை அருகில் அமர்த்தி உண்பதே உண்மையான அன்பு.