67-வது வயதில் கலியாணம்!
பாலம் கண்ட பிரிஸ்டல் சீமாட்டியின் கதை

ஏரிக்கரையில் மரம் இருந்தால் மண் சரியாது. வேர் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏரியைக் காக்கவே தனி வாரியம் வைத்து, அந்த ஏற்பாட்டைச் சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது.

1841-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி இதே பாடத்தை ஒரு ரயில் கம்பெனிக்குச் சொன்னார். தண்டவாளத்தை ஒட்டிய மண் கரைகள் சரியாமலிருக்க வேண்டுமா? வில்லோ, பாப்ளர் மரங்களை நட்டு வையுங்கள் என்று கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்குக் கடிதம் எழுதினார்.

அவர் பெயர் சாரா கப்பி. மண்ணைக் காக்க ஊருக்கு வழி சொன்ன அந்த அம்மையாருக்குத் தம் செல்வத்தைக் காக்க முடியவில்லை. அது கரைந்து போனதற்குக் காரணம், அவர் முதிய வயதில் செய்துகொண்ட ஒரு கலியாணம்!

வெள்ளத்தை வென்ற பாலம்

சாரா 1770-ல் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். 1795-ல் சாமுவேல் கப்பி என்ற வணிகரை மணந்து, துறைமுக நகரமான பிரிஸ்டலுக்கு வந்தார். ஆறு குழந்தைகளுக்குத் தாயானார். வீடு நிறையச் செல்வம். வாசல் நிறைய விருந்தாளிகள். ஆனால் அந்த அம்மாள் விருந்தோடும் பேச்சோடும் நின்றுவிடவில்லை. எதைப் பார்த்தாலும், இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியாதா என்று யோசித்தார்.

அந்தக் காலத்துப் பாலங்கள் ஆற்றின் நடுவே தூண் நாட்டி, வளைவு வளைவாகக் கட்டப்பட்டவை. செய்யாற்றில் வெள்ளம் வரும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். நீர் தூணின் அடியைத்தான் முதலில் அரிக்கும். அடி போனால் பாலமும் போகும்.

சாரா வேறு வழி கண்டார். வளைவுகள் வேண்டாம். இரு கரையிலும் முளைகளை வரிசையாக ஆழ அடித்து நிறுத்துவது; அவற்றில் சங்கிலிகளைப் பிணைத்து, ஆற்றின் குறுக்கே தொங்கவிட்டு, மேலே பாதை அமைப்பது. வெள்ளம் தடையின்றிக் கீழே ஓடிவிடும்.

இந்த முறைக்கு 1811-ல் அவர் காப்புரிமை பெற்றார். ஒரு புதுப்பொருளைக் கண்டுபிடித்தவரின் அனுமதியில்லாமல் மற்றவர் அதைச் செய்யக்கூடாது என்று அரசாங்கம் தரும் உரிமைதான் காப்புரிமை. பாலத்துக்கு அப்படி உரிமை பெற்ற முதல் பெண்மணி சாராதான். தாமஸ் டெல்போர்டு என்ற பெரிய எஞ்சினீயர் அந்த முறையைப் பயன்படுத்த அனுமதி கேட்டதாகவும், சாரா காசு வாங்காமல் கொடுத்ததாகவும் அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது.

சமையலறையையும் அவர் விடவில்லை. 1812-ல் ஒரு தேநீர்ப் பாத்திரத்துக்கு உரிமை பெற்றார். தேநீருக்காகக் கொதிக்கும் நீரின் ஆவியிலேயே முட்டை வெந்துவிடும். மேலே ஒரு தட்டில் ரொட்டியும் சூடாக இருக்கும். ஒரே அடுப்பில் மூன்று வேலை! 1831-ல் தேகப்பயிற்சிக்கு வசதி வைத்த ஒரு கட்டிலுக்கும் உரிமை பெற்றார்.

மகன் தாமஸ் தாயைக் கொண்டு பிறந்தவர். புகழ்பெற்ற எஞ்சினீயர் புருனலோடு சேர்ந்து கிரேட் வெஸ்டர்ன், கிரேட் பிரிட்டன் என்ற பெரிய கப்பல்களைக் கட்டும் வேலையில் பங்கு கொண்டார்.

வந்தார் கூட்!

1830-ல் சாமுவேல் காலமானார். சாரா விதவையானார். ஏழு ஆண்டுகள் சென்றன.

1837-ல் விக்டோரியா இங்கிலாந்தின் ராணியானார். பதினெட்டு வயது ராணி பட்டத்துக்கு வந்த அதே ஆண்டில், சாரா தமது 67-வது வயதில் மறுபடியும் மணக்கோலம் பூண்டார். மாப்பிள்ளை அவரைவிட 28 வயது இளையவர்! பெயர் ரிச்சர்டு அயர் கூட்.

அயர் கூட் என்றதும் உத்திரமேரூர்க்காரர்களுக்குப் பக்கத்து வந்தவாசி நினைவுக்கு வரலாம். 1760-ல் அங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தவர் பெயரும் அயர் கூட்தான். நாம் சொல்வது அந்தத் தளபதியை அல்ல. அதே பெயரைத் தாங்கிய வேறொருவரை. இவருக்குப் படைமீது நாட்டமில்லை. குதிரைமீதுதான் நாட்டம்!

புது மணமக்கள் பிரிஸ்டலை அடுத்த ஆர்னோஸ் கோர்ட் என்ற மாளிகையில் குடியேறினார்கள். குதிரைகள் வந்தன. பணம் போயிற்று. சாராவின் பணத்தைக் கூட் தண்ணீராகச் செலவழித்தார். மனைவியைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

இன்று படிக்கிறவர்கள் கேட்கலாம்: பணம் சாராவுடையதுதானே? அவர் தடுத்திருக்கக் கூடாதா?

அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. அக்காலத்து இங்கிலாந்தில், திருமணத்துக்கு முன்பே தனி ஏற்பாடு எழுதி வைத்துக்கொண்டாலொழிய, மனைவியின் ரொக்கமும் நகையும் கணவனுக்கே சேர்ந்துவிடும். விதவையாக இருந்தவரை சாரா தம் பெட்டிக்குத் தாமே சாவி. தாலிக்கு ஈடாக மோதிரம் விரலில் ஏறியதும் சாவி கை மாறிவிட்டது!

தளராத மனம்

ரயில் கம்பெனிக்கு மரம் நடச் சொல்லிக் கடிதம் எழுதியது இந்தத் துன்பம் நிறைந்த நாட்களில்தான். பெண் தன்னைப் பற்றிப் பேசினால் தற்பெருமை என்பார்களோ என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. ஆனாலும் ஊருக்கு ஆகவேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை.

1842-ல் ஒரு முடிவுக்கு வந்தார். மாளிகையை விட்டுப் புறப்பட்டு, கிளிப்டன் பகுதியில் ரிச்மண்ட் ஹில் தெருவில் 7-ம் எண் வீட்டுக்குக் குடிபோனார்.

எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கைப்பணம் கரைந்துவிட்டது. மணந்தவரின் துணையும் இல்லை. வேறொருவராக இருந்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாரா என்ன செய்தார் தெரியுமா? மரக்கப்பலின் பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைக்கப் புதிய முறையொன்றைக் கண்டார். 1844-ல், 74-வது வயதில், அதற்கும் காப்புரிமை வாங்கினார்! வீட்டுக்கு எதிரே இருந்த நிலத்தை வாங்கி, அந்தப் பகுதி மக்கள் அனுபவிக்கத் திறந்த வெளியாக விட்டார்.

1852-ல் சாரா மறைந்தார். பிற்காலத்தில் சிலர், கிளிப்டனில் 1864-ல் திறக்கப்பட்ட தொங்கு பாலத்துக்குப் படம் வரைந்தவரே அவர்தான் என்று எழுதினார்கள். அது சரியல்ல, அதை வரைந்தவர் புருனல். இரவல் புகழ் சாராவுக்குத் தேவையில்லை. சொந்தப் புகழே போதும். அவர் வாழ்ந்த ரிச்மண்ட் ஹில் வீட்டில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது.

மனைவியின் சொத்து மனைவிக்கே என்று இங்கிலாந்து முழுமையாக ஒப்புக்கொண்டது 1882-ம் ஆண்டுச் சட்டத்தில்தான். சாரா இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு! நம் நாட்டில் சீதனம் பெண்ணுக்கே உரியது என்பது பழைய வழக்கு. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் தன் சொத்துக்குத் தானே முழு உடைமைக்காரி என்றது. 1989-ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். மகளுக்கு நகை போடுகிற பெற்றோர்கள், கூடவே கல்வியும் கொடுத்து அனுப்பவேண்டும். சாராவின் பணத்தைக் கூட் குதிரைகளுக்கு இறைக்க முடிந்தது. அந்த அம்மையாரின் அறிவில் ஒரு துளியைக்கூட அவரால் செலவழிக்க முடியவில்லை!