மகிழடி நிழல்

பல்லாவரத்தை அடுத்த குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் (1133–1150) அமைச்சராக விளங்கியவர். அடியார் பெருமை கூற எடுத்த பெருங்காப்பியத்துக்கு அவர் தலைவராகக் கொண்டவர் குற்றமே அறியாத ஒருவரல்லர். சூழ்ச்சி செய்து, சூள் தவறி, கண்ணிழந்து, மனைவியின் வாயிலில் தடுக்கப்பட்ட சுந்தரரையே அவர் தேர்ந்தார். இத்தேர்வு எண்ணிப் பார்க்கத்தக்கது.

மனிதன் தன்னுள் இருப்பதாக ஒப்ப மறுத்து ஒதுக்கும் பகுதியைச் சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் காரல் யுங் (1875–1961) நிழல் என்றார். அதனைப் பிறர்மேல் ஏற்றிப் பகைக்கிறோம். தன்னுடையது என ஏற்பவனுக்கே உறவு வாய்க்கிறது என்பது அவர் கருத்து. சுந்தரரின் வாழ்வு இக்கருத்துக்கு நெடுங்காலம் முற்பட்ட சான்று எனலாம்.

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்து, நரசிங்கமுனையரையரால் வளர்க்கப்பட்டவர் நம்பியாரூரர். புத்தூர் மணப்பந்தலில் ஆளோலையோடு வந்து நின்ற முதியவரைப் பித்தன் என ஏசினார்; ஓலையைப் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூரில் மூல ஓலை காட்டப்பட்டு வழக்குத் தோற்றது. வந்தவர் இறைவன் என அறிந்தபின், பாடப் பணிக்கப்பட்ட அவர் தாம் ஏசிய சொல்லையே தம் முதற்பாட்டின் முதற்சொல்லாக வைத்தார். சினத்தில் பிறந்த சொல்லை மறைக்காமல் வழிபாட்டின் வாயிலாக்கிய இச்செயலே பின்வருவனவற்றுக்கெல்லாம் திறவுகோல்.

திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்து அடியாரை வணங்காமல் ஒதுங்கிச் சென்றார் என்று விறன்மிண்டர் அவரைப் புறம்பு என்றார். சுந்தரர் மறுப்புரைக்கவில்லை. திருத்தொண்டத் தொகை பாடி, தம்மைப் புறந்தள்ளிய விறன்மிண்டருக்கும் தாம் அடியேன் என்றார்.

பரவையாரை ஆரூரில் விட்டு வடக்கே வந்தவர், திருக்கழுக்குன்றம் தொழுது, இன்று தாம்பரத்துக்குத் தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்துள்ள திருக்கச்சூரை அடைந்தார். நண்பகற் பசியில் அவர் சோர்ந்திருக்க, இறைவனே வீடுதோறும் இரந்து வந்து அமுதிட்டான் என்பது வரலாறு. அத்தகைய தோழமை பெற்றவர்தாம் அடுத்து ஒற்றியூரில் வழுக்கினார்.

ஞாயிறு கிழாரின் மகள் சங்கிலியாரை மணக்க, பிரியேன் என்று சூளுரைக்க வேண்டியிருந்தது. சந்நிதியில் சூளுரைக்கும்போது இறைவன் கருவறை நீங்கி மகிழ மரத்தில் இருக்க வேண்டும் என்று சுந்தரர் முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில், மகிழடியில் சூள் கேள் என்றான். தாம் விரித்த வலையில் தாமே விழுந்தார். வேனிலில் ஆரூர் விழா நினைவுக்கு வர, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் மறைந்தன.

இவ்விடத்தில் பிறர்மேல் பழிசுமத்த அவருக்கு வழியிருந்தது. அவர் செய்தது இரண்டும்: தம் பிழையை ஒப்பினார்; தோழனின் பிழையைப் பொறுக்கலாகாதோ என இறைவனிடம் வழக்கும் தொடுத்தார். வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. கோல் ஊன்றிக் காஞ்சிக்கு நடந்தபின் ஒரு கண், ஆரூரில் மற்றொன்று. தன்னை வெறுத்து ஒடுங்குவது வேறு, தன்னை அறிந்து பேசுவது வேறு. அவருடைய பதிகங்களில் கெஞ்சலும் ஏசலும் ஒருங்கே நிற்பது இதனால்தான்.

பரவையார் சங்கிலியாரின் செய்தி கேட்டுக் கதவடைத்தார். இறைவன் இருமுறை தூது நடந்தபின்னரே இசைந்தார். இதுவே திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமருக்குப் பொறுக்கவில்லை: ஒரு பெண்பொருட்டு இறைவனை ஏவுவதா? தம்மைத் தீர்க்கச் சுந்தரர் வருகிறார் என்று அறிந்ததும், சூலைநோயுற்றிருந்த அவர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். மனைவியார் துயரை அடக்கி விருந்தினரை வரவேற்றார்; கணவர் துயில்கிறார் எனச் சொல்வித்தார். உண்மை கண்ட சுந்தரர், கலிக்காமரின் சினத்தில் தம் பிழையைக் கண்டார் போலும். அதே வாளை எடுத்தார். உயிர்த்தெழுந்த கலிக்காமர் அக்கையைப் பிடித்தார். ஒருவர் அடியில் மற்றவர் வீழ்ந்தனர். இருவரும் நண்பராயினர்.

சங்கிலியார்பால் இத்தகைய மீட்சி இல்லை. பரவையாரின் ஊடல் தீர்ந்ததை விரித்துப் பாடிய சேக்கிழார், சுந்தரர் ஒற்றியூருக்கு மீண்டு சங்கிலியாரிடம் பிழை பொறுக்க வேண்டியதாகப் பாடவில்லை. காப்பியத்தின் முடிவில் கயிலையில்தான் இரு மாதரும் உமையின் பணியில் மீளச் சேர்கின்றனர். ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் ஒற்றியூர்க் கோயிலில் மகிழடிச் சேவை நடைபெறுகிறது.