குளிர்காலத் தீவிலே டி. எச். லோறன்ஸ்

பயண நூல் எழுதிய ஆசிரியருட் பெரும்பாலோர் தாம் கண்ட கோயில்களையும் கோட்டைகளையும் விரிவாக வருணிப்பர். தாம் படுத்துறங்கிய கட்டிலைப் பற்றியும், பசியோடு காத்திருந்து பெற்ற உணவைப் பற்றியும் ஒரு வரியோடு அமைந்துவிடுவர். ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோறன்ஸ் இவ்வழக்கத்துக்கு மாறானவர். 1921ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே தம் மனைவியுடன் சார்டீனியாத் தீவுக்குச் சென்று மீண்ட அவர், விடுதிகளையும் புகையிரதப் பெட்டிகளையும் சந்தைகளையும் தம்முடைய கோபதாபங்களையுமே பொருளாகக் கொண்டு ஒரு நூல் செய்தார். 'கடலும் சார்டீனியாவும்' என்னும் பொருள்படும் பெயர் பூண்ட அந்நூல், அவருடைய வாழ்வையும் இயல்பையும் அறிய விரும்புவோர்க்கு ஏற்றதொரு வாயிலாகும். அடுத்த ஆண்டிலேயே நமது கண்டி நகரில் ஆறு வாரங்கள் வாழ்ந்தவர் என்ற வகையிலும் அவர் வரலாறு நம் கவனத்துக்கு உரியது.

லோறன்ஸ் 1885ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த ஈஸ்ற்வூட் என்னும் சுரங்க ஊரிலே பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தாய் சிறிது காலம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர், நூல்களை விரும்பியவர். இருவருக்குமிடையே இருந்த மன வேற்றுமை அவ்வீட்டின் அன்றாட நிகழ்ச்சியாயிருந்தது. ஐந்து பிள்ளைகளுள் நான்காமவரான லோறன்ஸ் இளமையிலேயே நெஞ்சு நோயால் நலிந்தவர். உபகாரச் சம்பளம் பெற்று உயர்தரப் பாடசாலையிற் படித்து, நொட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரியிலே ஆசிரியத் தகைமை பெற்று, 1908 முதல் 1911 வரை குறொய்டன் நகரப் பாடசாலையொன்றிலே ஆசிரியராகப் பணியாற்றினார். 1910ஆம் ஆண்டு டிசெம்பரில் தாயார் மறைந்தார். அடுத்த ஆண்டு தோன்றிய கடுமையான நியுமோனியாக் காய்ச்சல் அவரை ஆசிரியத் தொழிலிலிருந்து விலக்கியது.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமக்குக் கல்லூரியிற் கற்பித்த பேராசிரியர் ஏணெஸ்ற் வீக்லியின் இல்லத்துக்குச் சென்றபோது, பேராசிரியரின் மனைவி பிரீடாவை அவர் சந்தித்தார். பிரீடா ஜெர்மனியின் றிக்தோபென் என்னும் பிரபுக் குடியிற் பிறந்தவர்; லோறன்ஸிலும் ஆறு வயது மூத்தவர்; மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டு மாதங்கள் கழியுமுன்னரே இருவரும் இங்கிலாந்தை விட்டு நீங்கினர். அல்ப்ஸ் மலையைப் பெரும்பாலும் நடந்தே கடந்து இத்தாலியின் கார்டா ஏரிக்கரையை அடைந்தனர். 1914ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டனிலே பதிவுத் திருமணம் நடைபெற்றது. இக்காதலின் விலையைப் பெரிதும் செலுத்தியவர் பிரீடாவே. தாம் ஈன்ற மூன்று பிள்ளைகளையும் அவர் பிரிய நேர்ந்தது. அவர்களைப் பார்ப்பதற்கும் தடைகள் இருந்தன. புதிய மணத்தில் அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை.

மணமான சில வாரங்களில் முதலாவது உலக யுத்தம் மூண்டது. 1915இல் வெளிவந்த 'வானவில்' என்னும் நாவல் ஆபாசமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அதன் பிரதிகள் அழிக்கப்பட்டன. மனைவி ஜெர்மானியர் என்ற காரணத்தால் இருவர்மீதும் ஒற்றர் என்னும் ஐயம் விழுந்தது. 1917ஆம் ஆண்டு ஒக்டோபரில், கோண்வால் கடற்கரைக் குடிசையிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் முடிந்த மறு ஆண்டில், 1919 நவம்பரில், லோறன்ஸ் தாய்நாட்டை நீங்கினார். அதன்பின் இங்கிலாந்துக்கு அவர் சென்றதெல்லாம் விருந்தினராகவே.

1920ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் சிசிலித் தீவின் தவோர்மினாவிலே, கடலை நோக்கிய சரிவில் அமைந்த ஒரு வீட்டில் இருவரும் குடியிருந்தனர். ஒருபுறம் கடலும் மறுபுறம் பனி போர்த்த எற்னா எரிமலையும் கொண்ட அவ்விடத்தின் அழகில் குறையொன்றுமில்லை. ஆயினும், ஓராண்டு நிறையுமுன்னரே லோறன்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறிடம் பார்த்து வாழ்வோமா என்ற எண்ணம் எழுந்தது. உரோமரும் பிறரும் வந்து சென்றும் பழமை குன்றாது நின்றதாக அவர் கருதிய சார்டீனியா அவர் மனத்தைக் கவர்ந்தது. இத்தாலிக்குரிய அத்தீவு, பரப்பிலே இலங்கையில் மூன்றிலொரு பங்கிலும் சற்றே பெரியது. நடுப்பகுதி மலைப்பாங்கானது. ஜனவரி மாதத்திலே அங்கு இன்பப் பயணம் செல்வார் எவருமிலர்.

விடியுமுன் இருளிலே புறப்பட்டார்கள். பிரீடாவின் கையிலே ஒரு பை இருந்தது. தேநீர் காய்ச்சுவதற்குரிய ஸ்பிரிற் அடுப்பு, சிறிய அலுமினியச் சட்டி, தேயிலை, சீனி, பாண், வெண்ணெய் முதலியன அதனுள் இருந்தன. குட்டிச் சமையலறை என்னும் பொருள்பட இத்தாலிய ஓசையில் ஒரு பெயரை அதற்கு இட்டிருந்தனர். சொந்த வீடும் நிலையான வருவாயும் அற்ற அத்தம்பதியரின் குடித்தனம் அப்பையிலேதான் இருந்தது எனலாம். நூலிலே பிரீடாவின் பெயர் இல்லை. இராணித் தேனீ என்னும் தொடரின் முதலெழுத்துகளாலேயே அவரை லோறன்ஸ் குறிப்பிடுகிறார். அதில் கேலியும் உண்டு, பணிவும் உண்டு.

1908ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் சிதைவுகள் இன்னும் மறையாத மெசீனாவைக் கடந்து, புகையிரதத்திலே பலேர்மோவை அடைந்து, அங்கிருந்து கப்பலேறினர். கடலில் ஓரிரவு கழித்துத் தீவின் தலைநகரான காலியாரியில் இறங்கினர். அங்கே முதல் விடுதியிலே அறை இல்லை என்ற விடை கிடைத்தது. பின்னர், குளிப்பறைகளாக அமைந்த இருண்ட சிற்றறைகளைக் காட்டினார்கள். இறுதியிலே மேல்மாடியில் நல்லதோர் அறை கிடைத்தது. மறுநாட் சந்தையிலே குவிந்திருந்த முட்டைகளும் காய்கறிகளும் பிரீடாவை மயக்கின. கறுப்பும் வெள்ளையுமான பழைய உடையணிந்து நிமிர்ந்து நடந்த நாட்டுப்புற ஆடவர் லோறன்ஸை மயக்கினர். போர்ப்படையிலிருந்து வந்த சாம்பற்பச்சைத் துணி அப்பழைய உடையை எங்கும் விழுங்கிவருவதைக் கண்டு அவர் வருந்தினார். உலகமெல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்ற அச்சம் அவர் எழுத்தில் அடிக்கடி தலைகாட்டுவது; அதற்கு இங்கே கண்கண்ட சான்று கிடைத்தது.

காலியாரியிலிருந்து சிறு புகையிரதம் மலைநாட்டை நோக்கி ஊர்ந்தது. மந்தாஸ் என்னும் சந்தியிலே இரவு தங்கினர். புகையிரத நிலையத்தோடு சேர்ந்த விடுதி; குளிரோ கடுமை; ஊரிலே பொழுதுபோக்க ஏதுமில்லை. உடனிருந்து உண்ட புகையிரத ஊழியர் மூவர் பேரொலியெழச் சூப்பை உறிஞ்சிய காட்சியை நகைச்சுவை ததும்ப லோறன்ஸ் தீட்டியுள்ளார். மறுநாட் காலை உறைபனி படிந்த வெளியில் உலவியபோது, தம்மை வெளியேற்றிய கோண்வால் நிலம் அவர் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஊர் சோர்கோனோ. பயணத்தின் உச்சம் இதுவே. புகையிரதத்திலிருந்து நோக்கியபோது, மரங்களடர்ந்த சரிவிலே மாலையொளியில் அவ்வூர் கனவூர் போலத் தோன்றியது. இங்கேயே சில நாள் தங்கலாம் என்று அவர் உள்ளம் களித்தது. ஆனால் கண்டதோ அழுக்கேறிய விடுதி. கறைபடிந்த சட்டையணிந்த விடுதிக்காரன். வெறுமையான அறையில் ஒரு பெருங்கட்டில். குளிர்காய நெருப்புமில்லை, பருகப் பாலுமில்லை. வெளியே உலவச் சென்றால், சந்துகள் மலசலகூடங்களாகப் பயன்பட்டுக் கிடந்தன. லோறன்ஸின் கோபம் எல்லை மீறியது. விடுதிக்காரனை, ஊரை, ஊராரை, தீவு முழுவதையும் அவர் சபித்தார். அப்போது பிரீடா அவரைக் கண்டித்தார். வாழ்க்கையை அது வருகிறவாறே ஏற்றுக்கொள்ளாமல் எதற்காக இத்தனை ஆத்திரம் என்பது அவர் கேள்வி. கணவரிடம் அதற்கு விடையில்லை, கோபந்தான் இருந்தது.

இரவு வந்தது. ஒரு தாழ்ந்த இருட்டறையிலே நெருப்பு மூட்டப்பட்டது. முதியவர் ஒருவர் வெள்ளாட்டுக் குட்டியின் இறைச்சியை நீண்ட இரும்புக் கோலிற் கோத்து, நெருப்பொளியிலே பொறுமையோடு வாட்டிக்கொண்டிருந்தார். ஊர்சுற்றி வாணிகம் செய்யும் ஒருவனும் குடியானவர் சிலரும் அந்நெருப்பைச் சுற்றி வந்து சேர்ந்தனர். பேச்சு மலர்ந்தது. தாம் சற்றுமுன் சபித்த ஊரின் நெருப்பருகே, தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு தொழிலின் நிறைவை லோறன்ஸ் வியந்து நோக்கினார். கோபத்தையும் வியப்பையும் அடுத்தடுத்து வைத்தாரேயன்றி, பின்னதைக் கொண்டு முன்னதை அவர் அழிக்கவில்லை. தம் மனைவி தம்மைக் கண்டித்ததையும் மறைக்கவில்லை. இந்நேர்மையே நூலின் உயிர்.

பின்னர் பஸ் வண்டியிலே மலைகளைக் கடந்து நுவோரோவை அடைந்தனர். 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற நாவலாசிரியை கிறாற்சியா தெலெத்தா பிறந்த ஊர் அது. பார்க்கத்தக்க ஓவியமோ கலைக்கூடமோ அங்கில்லை என்பதே லோறன்ஸுக்குப் பெரிய ஆறுதலாயிற்று. அங்கிருந்து, பின்னாளில் ஒல்பியா எனப் பெயர் மாறிய தெரானோவாத் துறைமுகம் சென்று கப்பலேறி, ரோமாபுரி, நேப்பிள்ஸ் வழியாகச் சிசிலிக்கு மீண்டனர். பலேர்மோவிலே பாவைக்கூத்துப் பார்ப்பதோடு நூல் முடிவுறுகிறது. பயணம் முழுவதும் ஏறக்குறையப் பத்து நாட்களே. வழியெங்கும் அவரைக் குத்திய முள் ஒன்றுண்டு: யுத்தத்தின்பின் இத்தாலியப் பணத்தின் மதிப்பு வீழ்ந்திருந்தமையால், ஆங்கிலேயரான அவரைக் கண்டோரெல்லாம் நாணய மாற்றைப் பற்றியே பேசினர். வறியவரான தம்மைச் செல்வராக நோக்கிய அப்பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

குறிப்பேடு எதுவுமின்றி, நினைவிலிருந்தே சில வாரங்களுள் நூலை எழுதி முடித்தார். 1921ஆம் ஆண்டின் இறுதியிலே, தென்னாபிரிக்க ஓவியர் யான் யூற்றாவின் வண்ணப் படங்களுடன் நியூயோர்க்கில் அது வெளியாயிற்று. சஞ்சிகையிலே வந்த அதன் பகுதிகளைப் படித்த மேபல் டொட்ஜ் என்னும் அமெரிக்கச் சீமாட்டி, நியூமெக்சிக்கோவுக்கு வருமாறு அவரை அழைத்தார். இவ்வாறு பத்து நாட் பயணம் ஒன்று அவருடைய எஞ்சிய வாழ்வின் திசையையே மாற்றியது.

அமெரிக்காவுக்குச் செல்லுமுன் கிழக்கைக் காண விரும்பி, 1922ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி கொழும்பிலே வந்திறங்கினார். பௌத்தம் பயின்றுகொண்டிருந்த ஏள் புறூஸ்ரர் என்னும் அமெரிக்க ஓவியரும் அவர் மனைவியும், கண்டியிலே ஆட்னறி என்னும் தம் பங்களாவில் இவர்களுக்கு இடமளித்தனர். வெப்பமும் வயிற்று நோயும், காட்டு உயிர்களின் இரவொலிகளும் லோறன்ஸை வாட்டின. விறாந்தையிலிருந்து சிசிலிய எழுத்தாளர் வெர்காவின் நூல்களை மொழிபெயர்ப்பதே அவருக்கு ஆறுதலாயிருந்தது. வேல்ஸ் இளவரசரின் வருகையை முன்னிட்டு மார்ச் 23ஆம் திகதி நடந்த பெரஹராவைக் கண்டு, யானையைப் பற்றி ஒரு கவிதை இயற்றினார். ஏப்ரல் 24ஆம் திகதி அவுஸ்திரேலியாவை நோக்கிக் கப்பலேறினார்.

சோர்கோனோவிலே கோபத்தின்பின் ஒரு நெருப்பருகே அமர்ந்து மக்களோடு பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இத்தாலிய மொழி அவருக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பொதுமக்களோடு நெருங்கியிருந்தார். கண்டியிலோ, குன்றின்மேற் பங்களாவிலே, மக்களின் மொழியறியாது, நோயோடு வாழ்ந்தார். இந்நாட்டைப் பற்றியும் அதன் மக்களைப் பற்றியும் அவர் கடிதங்களில் எழுதியவற்றுட் பல நியாயமற்றவை. அவற்றை நாம் மறைக்கவேண்டியதுமில்லை. அவற்றைக் கொண்டு அவரை முற்றாகத் தள்ளவேண்டியதுமில்லை. கோபத்தோடு நின்றுவிட்ட பார்வைக்கும், கோபத்தைக் கடந்து சென்ற பார்வைக்கும் உள்ள வேற்றுமையை அவருடைய எழுத்திலேயே நாம் காணலாம்.

எஞ்சிய வரலாறு அலைச்சலின் வரலாறே. அவுஸ்திரேலியா, நியூமெக்சிக்கோ, மெக்சிக்கோ என்று சென்ற லோறன்ஸுக்கு 1925இல் காசநோய் எனத் தெளிவாயிற்று. மீண்டும் இத்தாலிக்கு வந்து, 1927இல் புறூஸ்ரருடன் பழைய எற்றூஸ்கரின் கல்லறைகளைக் கண்டு எழுதினார். 'சாற்றர்லி சீமாட்டியின் காதலன்' என்னும் நாவலை 1928இல் புளோரன்ஸ் நகரிலே தம் பொறுப்பில் அச்சிட்டார். இங்கிலாந்திலே அதன் முழு வடிவம் 1960ஆம் ஆண்டு வழக்கின் பின்னரே தடையின்றி வெளிவந்தது. 1930ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி, பிரான்ஸின் வான்ஸ் என்னும் ஊரிலே, வாடகை வீடொன்றில், நாற்பத்துநான்காம் வயதில் அவர் உயிர் நீத்தார். பிரீடா 1956 வரை வாழ்ந்து, நியூமெக்சிக்கோவிலே தமக்குரிய பண்ணையில் அடக்கம் பெற்றார்.

லோறன்ஸின் நாவல்களைப் பற்றி விமரிசகர் இன்றும் மாறுபடுவர். ஆயின், பயணக் கட்டுரை எழுதப் புகும் நம் மாணவர்க்குச் சார்டீனிய நூல் நல்லதொரு வழிகாட்டி. புகழ்பெற்ற இடம் ஒன்றையேனும் வருணியாமல், பழுதான ஒரு விடுதியையும், பையிலிருந்து எடுத்துக் காய்ச்சிய ஒரு கோப்பைத் தேநீரையும், உடன் சென்ற துணைவியின் ஒரு கேள்வியையும் கொண்டே ஒரு நாட்டையும் ஓர் இல்லறத்தையும் காட்டலாம் என்பதை அந்நூலைப் படிப்போர் அறிவர்.