படம் தேடி உலகு சுற்றிய தமிழர்

செயற்கரிய செயல் செய்து தம் பெயரை நிலைநாட்டியோர் பலர். செயலை முடித்தபின் தம் பெயரை அதன் பின்னே மறைத்துக்கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், ஏ. கே. செட்டியார் என்று தமிழ் மக்கள் அன்புடன் அழைத்த கருப்பன் செட்டியார் ஆவார். காந்தியடிகளின் வரலாற்றை முழுநீள ஆவணப் படமாக ஆக்கித் தந்த பெருந்தொண்டு அவருடையது.

செட்டிநாட்டில் காரைக்குடியைச் சூழ்ந்து சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றுள் அரியக்குடி, இசைப் பேரறிஞர் இராமானுச ஐயங்காரை ஈன்று புகழ் பெற்றது. அதற்கு அணித்தே உள்ள கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் செட்டியார் பிறந்தார். திருவண்ணாமலையில் பள்ளிக் கல்வி பயின்றார். நகரத்தார் கடல் கடந்து பொருளீட்டும் மரபினர். செட்டியாரும் கடல் கடந்தார். ஆயின் அவர் ஈட்ட விழைந்தது பொருளன்று, அறிவே. பர்மாவில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராய்ப் பணியாற்றினார். அதன்பின் ஜப்பானுக்குச் சென்று தோக்கியோ நகரில் புகைப்படக் கலை பயின்றார். பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

அந்நாளில் புகைப்படக் கலை என்பது கருவியை இயக்கும் திறம் மட்டுமன்று. இருட்டறையில் மருந்து கலக்கும் திறமும் ஆகும். ஒளி பட்ட படச்சுருளில் உருவம் பதிந்திருப்பினும் அது கண்ணுக்குப் புலனாகாது. டெவலப்பர் என்னும் கரைசலில் சுருளை அமிழ்த்தினால், ஒளி பட்ட வெள்ளி உப்பு கரிய வெள்ளித் துகளாக மாறும். உருவம் மெல்ல வெளிப்படும். ஒளி படாது எஞ்சிய உப்பினை ஹைப்போக் கரைசல் கரைத்து நீக்கும். இறுதியில் தூய நீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். கழுவுதலில் குறை நேரின், சில ஆண்டுகளில் உருவம் மங்கி மறையும்.

கருக்கும் பொருளும், அதனைத் தூண்டும் காரமும், கரைசல் விரைவில் கெடாது காக்கும் உப்பும் டெவலப்பரில் சேரும். வன்மையான காரம் சேர்ந்தால் உருவம் விரைந்து தோன்றும். கறுப்பும் வெளுப்பும் முனைப்பாக நிற்கும். மென்மையான வெண்காரம் சேர்ந்தால் உருவம் மெல்லத் தோன்றும். இடைப்பட்ட சாயல்கள் அழியாது நிற்கும். ஒரு படத்திலிருந்து மற்றொரு படம் எடுக்குங்கால் முனைப்பு மிகும் ஆதலின், படியெடுப்பதற்கு மென்மையான கரைசலே ஏற்றது. திரைப்படச் சுருள்களைப் படியெடுக்கும் பொருட்டே கோடக் நிறுவனத்தார் 1920களில் டி-76 என்னும் கலவையை வகுத்தனர். அது ஒரு லிட்டர் நீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம் சேர்ந்தது. சல்பைட் மிக்க நீரில் மெட்டால் எளிதிற் கரையாது. ஆதலின் மெட்டாலையே முதலிற் கரைத்தல் வேண்டும். கலவை 20 பாகை வெப்பத்தில் இருத்தல் நன்று. நம் நாட்டுக் கோடையில் நீர் சூடேறினால் படச்சுருளின் மேற்பூச்சு இளகிக் கெடும். பனிக்கட்டியைச் சுற்றிலும் வைத்துக் கரைசலைக் குளிர்விப்பர். அளவும் முறையும் பொறுமையும் ஒருங்கே வேண்டும் கலை இது. இருட்டறையில் ஒருவர் விரைந்தால், மீண்டும் பெறற்கரிய காட்சி ஒன்று கணத்தில் பாழாகும்.

இத்தகைய கலையைக் கற்ற செட்டியார், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அது காந்தியடிகளின் பிறந்த நாள். அண்ணலின் வரலாற்றைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் நடுக்கடலில் அவருள்ளத்தில் உதித்தது. அப்பொழுது அவருக்கு அகவை 26 நிறையவில்லை. கைப்பொருள் இல்லை, பெரியோர் துணையும் இல்லை. நாடோ அந்நியர் ஆட்சியில் இருந்தது. ஆயினும் எண்ணியதைக் கைவிட்டாரல்லர்.

அண்ணலின் படங்கள் ஓரிடத்தில் இல்லை. முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படப்பிடிப்பாளர் எடுத்த சுருள்கள் உலகின் பல மூலைகளிற் சிதறிக் கிடந்தன. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்பின. நாளடைவில் சுருங்கிப் பொடியாவன. காலந் தாழ்த்தினால் வரலாறே அழிந்துபோகும் என்பதைச் செட்டியார் உணர்ந்தார். இந்தியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் அலைந்து, அலுவலகந்தோறும் படியேறி, இல்லை என்றவரிடமும் மீண்டும் சென்று கேட்டார். 1912ஆம் ஆண்டு கோகலே தென்னாப்பிரிக்காவிற்கு வந்தபோது எடுத்த படமும், 1930ஆம் ஆண்டுத் தண்டி யாத்திரைக் காட்சிகளும் கிடைத்தன. இவ்வாறு அவர் சென்ற தொலைவு ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல். திரட்டிய சுருள் 50,000 அடி.

திரட்டிய பின்னரும் தொல்லை தீரவில்லை. பழைய ஊமைப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 படம் வீதம் எடுக்கப்பட்டவை. பேசும்படமோ நொடிக்கு 24 படம் வீதம் ஓடுவது. அவற்றை அவ்வாறே ஓட்டினால் மாந்தர் துள்ளி ஓடுவார் போலத் தோன்றுவர். இத்தகைய இடர்களைக் கடந்து, 50,000 அடியினின்றும் 12,000 அடி நீளமுள்ள படம் உருப்பெற்றது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் சென்னையில் அது தமிழில் வெளியாயிற்று. தொடர்ந்து தெலுங்கிலும் வந்தது. உலகப் போரும் ஆட்சியாளரின் கெடுபிடியும் மிகுந்திருந்தமையால் அது நெடுநாள் ஓட இயலவில்லை. 1953ஆம் ஆண்டு ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல முதற்படம் மறைந்தது. நெடுங்காலத்திற்குப்பின் ஆங்கில வடிவத்தின் படி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அழிவினின்று காக்கத் திரட்டிய படமே அழிவினின்று காக்கப்படும் நிலை எய்தியது!

செட்டியார் 1943ஆம் ஆண்டு 'குமரி மலர்' என்னும் இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். படச்சுருளைத் தேடிய அதே உள்ளம் ஏட்டையும் தேடிற்று. பயண நூல்கள் பல எழுதித் தமிழுக்கு வளஞ் சேர்த்தார். படம் எடுத்த வரலாற்றை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூல் கூறுகிறது. பிறர் உருவத்தைக் காத்த அப்பெரியார் தம் உருவத்தை விளம்பரப்படுத்த விரும்பினாரல்லர். 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

இருட்டறையில் உருவம் உடனே தோன்றுவதில்லை. உரிய மருந்தை உரிய அளவில் கலந்து, உரிய காலம் வரை காத்திருப்பவருக்கே அது புலனாகும். செட்டியாரின் வாழ்வும் அத்தகையது. கப்பலில் உதித்த ஓர் எண்ணம், மூன்றாண்டு உழைப்பால் நாட்டின் உடைமை ஆயிற்று. மாணவர்களே! உங்கள் இல்லங்களிலும் ஊர்களிலும் பழைய படங்களும் ஏடுகளும் கேட்பாரற்றுக் கிடக்கலாம். அவற்றைப் பேணுவதும் நாட்டுத் தொண்டே என்பதை இப்பெரியார் வரலாற்றால் உணர்வீர்களாக.