இறந்தும் பாடம் சொன்னவர்

1892 நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார் ஜே. பி. எஸ். ஹால்டேன். தந்தையார் உடலியல் அறிஞர். சுரங்கத்து நச்சுக் காற்றைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். மைந்தரும் இளமையிலேயே அச்சோதனைகளில் பங்கு கொண்டார்.

முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபொட்டேமியாவிலும் காயமுற்றார். புண் ஆறுவதற்காக வந்து தங்கிய இடம் நம் இந்தியா. அன்று தொடங்கிய உறவு பின்னர் பெரிதாக வளர்ந்தது.

மரபியலுக்குக் கணித அடிப்படை வகுத்த மூவருள் அவர் ஒருவர். உயிரற்ற பொருள்களிலிருந்தே உயிர் தோன்றியிருக்கலாம் என்று 1929இல் எழுதினார். மூச்சுக் காற்றின் தன்மை சற்று மாறினாலும் அறிவு மயங்குவதைத் தம்மிடமே கண்டவர் அவர். அப்படியிருக்க, மூளை அழிந்தபின் மனம் மட்டும் எவ்வாறு நிலைக்கும்? தம் தனி மனம் உடலோடு முடிந்துவிடும் என்றே அவர் எண்ணினார்.

1957இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தார். இந்திய உடை உடுத்தார், மரக்கறி உண்டார், இந்தியக் குடிமகனாகவும் ஆனார். 1962இல் புவனேசுவரத்தில் குடியேறினார்.

பின்னர்ப் புற்றுநோய் கண்டது. 1964இல் லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே அந்நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். அறிகுறி கண்டவர்கள் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதே அவர் நோக்கம். தம் இரங்கல் உரையையும் தாமே பேசி, பி.பி.சி.க்காகப் பதிவு செய்து வைத்தார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. வாழ்நாளெல்லாம் ஆய்வுக்குக் கொடுத்த உடம்பு, இறந்தபின்னும் மாணவர்க்குப் பாடமாயிற்று.

அறிவியல் மாணவனாகிய என் மனம் ஹால்டேன் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஊரில் தாத்தாவின் திதியன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வரும் பாட்டியின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். அந்த அமைதியை ஏளனம் செய்ய எனக்கு நா எழுவதில்லை. பாட்டி, இருப்பவராய் நின்று இறந்தவருக்கு அளிக்கிறார். ஹால்டேன், இறந்தவராய்க் கிடந்து இருப்பவருக்கு அளித்தார். சாவைக் கண்டு இருவருமே கையை மூடிக்கொள்ளவில்லை.

நண்பர்களே, உயிர் பிரிந்தபின் நாம் எங்கே போவோம் என்று சொல்ல நான் வல்லவனல்லன். நம் உடம்பு எங்கே போகவேண்டும் என்பதையோ இன்றே நாம் முடிவு செய்து வீட்டாரிடம் சொல்லி வைக்கலாம். என் தாயாருக்கு அந்தக் கடிதத்தை எவ்வாறு தொடங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.